நான்காம் குழாயின் மேல்பக்கம்

ஏரி ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவரைச் சேத்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஏரிக்கு அடியிலிருந்து குழாய் குழாயாக எடுத்துவரும் சேறு அவர் பொறுப்பில் இருந்தது. பன்னிரண்டு வருடம் அங்கே தரை துடைத்தவர். மூன்று வருடத்துக்கு முன்புதான் துடைப்பத்தை வாங்கிக்கொண்டு, சேற்றை நீளவாக்கில் பிளக்கும் மெல்லிய கம்பியைக் கொடுத்தார்கள். அன்று வீட்டுக்குப் போய், கையே புதிதாக முளைத்தது போலக் கணவரிடம் நீட்டிக் காட்டினாராம்.

ஏரிச் சேற்றில் மழையும் வறட்சியும் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். மழை கொட்டிய ஆண்டுகள் கறுப்புப் பட்டை. ஏரி வற்றிய ஆண்டுகள் சுண்ணாம்பு வெள்ளை. கீழே போகப் போகப் பழைய காலம். அதனால் குழாயின் மேல்பக்கத்தில் சிவப்பு மூடி, அடிப்பக்கத்தில் கறுப்பு மூடி. குழாய் தலைகீழானால் காலமே தலைகீழ்.

அக்காவுக்கு அழுக்கு மட்டும் கண்ணில் படக் கூடாது. நான்காம் குழாயின் மூடிகளில் சேறு காய்ந்து அப்பிக் கிடந்ததைப் பார்த்து ஒரு நாள் கை சும்மா இருக்கவில்லை. இரண்டையும் கழற்றி, தேய்த்துக் கழுவி, பளபளவென்று கொண்டுவந்தார். திரும்ப மாட்டப் போனபோதுதான் யோசித்தார். எது எந்தப் பக்கம்? மேல்பக்கத்தைக் காட்டக் குழாயில் வரைந்திருந்த அம்பும் ஈரத்தில் அழிந்து போயிருந்தது. இப்படித்தான் இருந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மாட்டிவிட்டார்.

ஒரு மாதம் போனது. அந்தச் சேற்றை ஆராய்ந்த பெண் அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"அக்கா, இங்க பாருங்க! நல்லா மழை பெஞ்சிட்டிருந்த ஊரு படக்குன்னு வறண்டிருக்கு. யாரும் பாக்காத வறட்சி எனக்குக் கெடச்சிருக்கு!"

அது நான்காம் குழாய். வெள்ளம் கொண்டுவந்த ஒரு பட்டையை அக்கா விரல் நுனியால் தொட்டார். மேலே நறநறவென்று மணல், கீழே வெண்ணெய் மாதிரி வண்டல். பன்னிரண்டு வருடம் தரை துடைத்த வாளியைப் பார்த்தவருக்குத் தெரியாதா? மணல்தான் முதலில் அடியில் உட்காரும். வண்டல் மெதுவாக அதன் மேல் படியும். இங்கே எல்லாம் தலைகீழாக இருந்தது.

சாயங்காலம் தையல்காரரான கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"சொன்னா என்ன ஆகும்?" என்றார் அவர்.

"கம்பிய வாங்கிட்டு துடைப்பத்தக் குடுத்துருவாங்க."

"சொல்லலன்னா?"

"அந்தப் பொண்ணு நாலு பேர் முன்னாடி நின்னு தப்பாப் படிக்கும்."

கணவர் ஊசியைச் செருகி வைத்தார். "ஒருத்தருக்குச் சட்டைக் கைய இடம் மாத்தித் தச்சுட்டேன். அவர் அதப் போட்டுட்டுப் போறதப் பாத்துட்டும் வாயத் தொறக்கல. இன்னைக்கும் அவர் தெருவுல வந்தா நான் மேசைக்கு அடியில."

அக்காவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது.

மறுநாள் காலை அந்தப் பெண்ணிடம் நேராகப் போனார். "உன் வறட்சி தலைகீழா இருக்கும்மா. நான்தான் மூடிய மாத்திப் போட்டேன்."

அவள் குழாயிடம் போனாள். பட்டையைத் தொட்டுப் பார்த்தாள். மறுபடி தொட்டாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். அக்கா பக்கத்திலேயே நின்றார். தொடலாமா என்று தெரியவில்லை.

விஷயத்தைக் கேட்ட தலைமை ஆய்வாளர் பெரிய மேடம் திட்டவில்லை. "கம்பிய இப்போதைக்கு இங்க வச்சிடுங்க. மத்த இருபத்தோரு குழாயும் சரியான்னு பாக்கணும். அதுக்கு உங்க விரல்தான் வேணும்" என்றார்.

அக்காவும் அந்தப் பெண்ணும் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே வந்தார்கள். முதல் இரண்டு நாள் அந்தப் பெண் வேலைக்கு வேண்டியதைத் தவிர எதுவும் பேசவில்லை. மூன்றாம் நாள் தன் டீயில் பாதியை ஊற்றிக் கொடுத்தாள். நான்காம் நாள், பதினொன்றாம் குழாயில் அக்காவின் விரல் நின்றது.

"இதுவும் தலைகீழ்ம்மா. ஆனா இந்த மூடிய நான் தொடவே இல்ல."

மூடியில் பழைய சேறு அப்படியே காய்ந்திருந்தது. அந்தப் பெண் குனிந்து அம்பைப் பார்த்தாள். படகில் மழையில் நனைந்துகொண்டே அவசரமாக வரைந்தது.

"அக்கா... இது நான் தலைகீழாப் போட்ட அம்பு."

முதலில் சிரித்தது அக்காதான். அவளும் சிரித்தாள், உடனே முகம் மாறியது. "பெரிய மேடம்கிட்ட எப்படிக்கா சொல்றது?"

"மூச்சப் புடிச்சுக்கிட்டு ஒரே வாக்கியத்துல சொல்லிடு. நான் கதவுகிட்ட நிக்கிறேன்."

அவள் திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. கையில் கம்பி இருந்தது. "உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க. மூடிய மட்டும் கழுவ வேணாமாம்."

அக்கா முந்தானையால் அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டுத்தான் கம்பியை வாங்கிக்கொண்டார்.

"வா, பதினொன்னாம் குழாயத் திருப்பலாம். அந்தப் பக்கம் நீ புடி."