குளிரறை மெக்கானிக் மலையேறப் போனார்

என் அக்கா வீட்டுக்காரர் குளிரறை மெக்கானிக். மீன், ஐஸ்கிரீம், தடுப்பூசி என்று எதைக் குளிரில் வைத்தாலும், அந்த இயந்திரம் மக்கர் செய்யும்போது இவருக்குத்தான் போன் வரும். இருபத்தாறு வருடமாகக் குளிருக்குள் போய் வருகிறவர் என்பதால், குளிரைப் பற்றி இவர் முன்னால் யாரும் வாய் திறக்க முடியாது. அக்கா இன்னொரு போர்வை கேட்டால் போதும். "இதெல்லாம் ஒரு குளிரா? மைனஸ் இருபதுல ஸ்பானர் பிடிச்சவன் நான்" என்று ஆரம்பித்துவிடுவார். அக்கா போர்வையோடு அடுத்த அறைக்குப் போய்விடுவாள்.

ஐம்பத்து மூன்று வயதில் இவருக்கு மலையேறும் ஆசை வந்தது. முட்டிவலிக்கு மருந்து தேடுகிற வயதில் எதற்கு இது என்று நான் நூறு முறை கேட்டிருப்பேன். ஒரே ஒரு முறைதான் உருப்படியான பதில் வந்தது.

"இத்தனை வருஷமா கதவை மூடிக்கிட்டுக் குளிர்ல நின்னாச்சு மாப்ளே. வானம் தெரியுற குளிர்ல ஒரு தடவையாவது நிக்கணும்."

அதைக் கேட்டு மனசு இளகியது என் தப்பு. அந்த இளக்கத்தில் நானும் அவரோடு மலையேறும் குழுவில் பெயர் கொடுத்துத் தொலைத்தேன்.

குழுத் தலைவி பகலில் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும் என்பதால் எங்களுக்கு அவர் விசில் மேடம். அடுத்த மாதம் பனிமலைக்கு யார் யார் போகலாம் என்ற பட்டியல் அவர் கையில். அதற்கு முன் ஓர் இரவு முழுக்கக் குளிரில் பயிற்சி நடை. அதில் தேறினால்தான் பட்டியலில் இடம். இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்துவிட்டார். விசில் ஊதும்போதெல்லாம் உங்கள் ஜோடியின் பூட்ஸைக் கழற்றி, கால் விரலைத் தொட்டுப் பார்த்து, "சரி" என்று உரக்கச் சொல்ல வேண்டும். தன் காலுக்குத் தானே சாட்சி சொல்லக் கூடாது. மாமாவுக்கு ஜோடி நான்.

"நடக்கும்போது கொஞ்சம் குளிரட்டும். நிக்கும்போது கனமாப் போட்டுக்கலாம்" என்று மேடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். என்னையும் சேர்த்து மற்ற பதின்மூன்று பேரும் அப்படித்தான் வந்தோம். மாமா மட்டும் குளிரறைக்குப் போகிற மெத்தை போன்ற ஜாக்கெட்டில், மூன்று ஜோடி காலுறைக்கு மேல் ரப்பர் பூட்ஸ் மாட்டி, திறப்புவிழாவுக்கு வந்த பிரமுகர் மாதிரி வந்து இறங்கினார். குளிரறையில் இருபது நிமிடம் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்து டீ குடிக்கலாம். மலையில் அந்த வசதி இல்லை என்பது அவர் கணக்கில் வரவில்லை.

முதல் மணி நேர ஏற்றத்திலேயே ஜாக்கெட்டிலிருந்து காலுறை வரை மனுஷன் வியர்வையில் தொப்பலாக நனைந்துவிட்டார். முதல் விசில் ஊதியபோது பூட்ஸைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை.

"விடு மாப்ளே. இதக் கழட்டினா திரும்பப் போட அரைமணி ஆகும். எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்காதே. சரின்னு சொல்லு."

"சரி" என்று கத்தினேன்.

இரண்டாவது விசிலுக்கு அவர் பற்கள் தந்தியடித்தன. குளிருதா என்று கேட்டேன். "பல்லுக்கும் பயிற்சி வேணாமா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இன்னொரு "சரி". மூன்றாவது முறை, "விரலெல்லாம் இருக்கா மாமா?" என்றேன். "எங்க போயிடப் போகுது?" என்றார். அதுவும் நியாயம்தானே என்று பட்டது. மூன்றாவது "சரி"யை இருப்பதிலேயே கம்பீரமான குரலில் சொன்னேன்.

கூடாரத்தில் இரண்டு மணி நேரத் தூக்கம். என்னை அந்தப் பக்கம் திரும்பச் சொல்லிவிட்டு, முக்கி முனகி அவரே பூட்ஸைக் கழற்றினார். விடியுமுன் விசில் ஊதியதும் இருட்டில் மாட்டிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார். மேடத்தின் டார்ச் ஒவ்வொருவர் காலாகப் பார்த்துக்கொண்டே வந்து மாமாவிடம் நின்றது.

"சார், ரெண்டு பூட்ஸும் மாறியிருக்கு."

இடது காலில் வலது, வலது காலில் இடது. பத்து நிமிடமாக அதோடுதான் நடமாடிக்கொண்டிருந்தார். யாரோ சிரித்தார்கள். மாமா குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"தெரியலையே மேடம்" என்றார். அவரிடம் அப்படி ஒரு சின்னக் குரல் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

கூடாரத்துக்குள் உட்காரவைத்துக் காலுறைகளை உரித்தார்கள். விரல்கள் மெழுகு போல வெளுத்திருந்தன. மேடம் என் பக்கம் திரும்பினார்.

"சட்டையைத் தூக்குங்க."

இரண்டு பாதங்களையும் என் வெறும் வயிற்றில் வைத்து மேலே போர்வையைச் சுற்றினார். என் மூச்சே நின்றுவிட்டது. தேய்க்கக் கூடாது, நெருப்பு காட்டக் கூடாது, அப்படியே பிடித்துக்கொள் என்று உத்தரவு. பிடித்துக்கொண்டேன். இந்த விரல்கள் போனால் அக்கா முகத்தில் எப்படி முழிப்பேன் என்று பயந்து செத்தேன். முக்கால் மணி நேரம் ஆகியும் அசைவே இல்லை.

"தப்பு என்னோடதுதான் மேடம். என் பேரை மட்டும் அடிச்சிடாதீங்க" என்றார் மாமா.

"மரத்துப்போனவருக்கு மரத்துப்போனது தெரியாது சார். அதுக்குத்தானே ஜோடி. கால் நல்லா தேறட்டும். ஒழுங்கா ஒரு பூட்ஸ் வாங்கி இன்னொரு ராத்திரி நடந்து காட்டுங்க, பார்க்கலாம்." பிறகு என்னிடம் சொன்னார்: "நீங்க மூணு தடவை பார்க்காமலே சரின்னு சொல்லியிருக்கீங்க. பனிமலையில ஜோடியை ஒரே கயித்துல கட்டித்தான் ஏத்தணும். உங்களை யாரோட கயித்துல கட்டுறது? நீங்க வேண்டாம்."

மாமா எனக்காகப் பேசுவார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். பேசினார்.

"அப்போ என் புது ஜோடி யாரு மேடம்?"

"நான்தான்."

அப்போது என் வயிற்றின் மேல் ஒரு கட்டைவிரல் லேசாக அசைந்தது. அடுத்து இன்னொன்று. கோபமெல்லாம் எங்கேயோ போய், கண் கலங்கிவிட்டது எனக்கு.

"மாமா, அசையுது! விரல் அசையுது!"

அவருக்கு இன்னும் உணர்வு வரவில்லை. என்னையே உற்றுப் பார்த்தார்.

"நிஜமாத்தான் சொல்றியா மாப்ளே?"