கெலிஓயா பஸ்ஸில் காய்ந்த அளவு

போன கிழமை கண்டியில் பல் கட்டப் போனேன். அளவு எடுக்க வாயைத் திறந்து, வரப்போகும் குமட்டலை நினைத்துக் கண்ணையும் இறுக மூடிக்கொண்டேன். டொக்டராக இருந்த சின்னப் பிள்ளை பேனா மாதிரி ஒரு கமெராவை உள்ளே உலாத்திவிட்டு, "முடிஞ்சது அன்ட்டி" என்றது. திரையில் என் பற்கள் சுழன்றன. அட கடவுளே, அந்தப் புதினா வாசனைகூட இல்லை!

அது அந்தக் காலத்தில் அளவு எடுத்த அல்ஜினேட் மாவின் வாசனை. இருபது வயதில் நான் கண்டியில் ஒரு பல் டொக்டரிடம் வேலை பார்த்தேன். றப்பர் கிண்ணத்தில் அந்த ரோஸ் மாவைத் தண்ணீர் விட்டுக் குழைப்பது என் பொறுப்பு. வாய்க்குள் வைத்தால் இரண்டு நிமிடத்தில் ஜெலி போல இறுகி, பல்லின் அச்சோடு வெளியே வரும். ஆனால் காய்ந்தால் சுருங்கிவிடும். அதனால் ஈரத்துணியில் சுற்றி, கெலிஓயாவில் பல் செய்பவரிடம் உடனே பஸ்ஸில் கொண்டுபோக வேண்டும். நானும் பாதி டொக்டர் என்ற நினைப்பில் தூக்கிக்கொண்டு போவேன்.

ஒருநாள் கலஹாவிலிருந்து செல்வமணி அக்கா வந்தார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர், முன்பல் இரண்டு இல்லை. "மக கலியாணப் போட்டோவுல வாயத் தொறந்து சிரிக்கணும் தங்கச்சி. அம்புட்டுதான்" என்றார். கலியாணத்துக்கு நான்கே நாள்.

அவருடைய அளவோடு பஸ் ஏறினேன். பக்கத்தில் புத்தரைக் கும்பிடப் பன்சலைக்குப் போகும் ஓர் அம்மா, வெள்ளைச் சேலையில். என் துணி அவர் மடியில் சொட்டியது. அவர் சேலையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு மரியாதை பொத்துக்கொண்டு வந்தது. துணியை அவிழ்த்து, ஜன்னலுக்கு வெளியே பிழிந்து, கம்பியில் காயப்போட்டேன். பேராதனை நெரிசலில் பஸ் நின்றது. என் மடியில் இருந்த அளவின் மேல் நல்ல வெயில். அந்த அம்மாவும் நானும் சிரித்துப் பேசிக்கொண்டே போனோம்.

பல் வந்தது, ஆடியது. மறுபடி செய்ய நாளில்லை.

பிறகு அக்கா படத்தைக் கொண்டுவந்து காட்டினார். பல் விழாமல் நாக்கால் தாங்கி, உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கிறார். "சம்பந்தி வீட்டுல சொல்றாங்க, நான் ரொம்ப அடக்கமான பொம்பளையாம்!" என்று ஓட்டைப் பல்லோடு விழுந்து விழுந்து சிரித்தார். டொக்டர், "மா சரியில்ல போல" என்றார். நானும் வெட்கமில்லாமல் தலையாட்டினேன்.

இரண்டாம் அளவைத் துணி சொட்டச் சொட்டக் கொண்டுபோனேன். புதுப் பல் கச்சிதம். கண்ணாடியில் பார்த்த அக்கா, "நல்லாத்தான் இருக்கு" என்றார். கண்ணாடியைத் திருப்பித் தந்து, "கலியாணந்தான் முடிஞ்சிருச்சு" என்றார்.

நான் வேலை பார்த்த அந்த டிஸ்பென்சரி இப்போது போன் கடை. கலஹாவில் விசாரித்தேன், அக்கா மகளோடு எங்கோ போய்விட்டாராம், அவர் இருந்த தோட்டத்து லயத்து வீட்டில் வேறு ஆட்கள். மாவில் ஒரு குறையும் இல்லை அக்கா, துணியைப் பிழிந்தது நான்தான் என்று சொல்ல இனி யாரிடம் போவது?