கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றவர்

தடுப்பூசி முகாமில் ஒரு குழந்தையின் தொடையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்ற ஜெபராஜ் சார், நாசரேத்தில் தம் வீட்டிலேயே மாரடைப்பால் இறந்துவிட்டார். ஊசியைப் போட்டு முடித்துவிட்டுத்தான் அழுதேன். முதலில் அழுதிருந்தால் அவரே எழுந்து வந்து திட்டியிருப்பார்.

கிராம சுகாதார செவிலியராக கடற்கரைக் கிராமங்களில் அவருடன் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். அவரை மென்மையான மனிதர் என்று எழுதினால் கடற்கரையே சிரிக்கும். கொரோனா காலத்தில் மீன் ஏலத்துக்கு ஆள் கூடக் கூடாது என்று உத்தரவு வந்தது. மீறிக் கூடிய கூட்டத்துக்குள் புகுந்து, மீன் கூடைகளை மிதித்துக் கவிழ்த்தார். முகக்கவசத்தைத் தாடையில் தொங்கவிட்டிருந்த ஒருவரைச் சட்டையைப் பிடித்து உலுக்கினார். அது தப்பு என்று அவர் முகத்துக்கு நேரேயே சொன்னேன்.

"தப்புதாம்மா. இந்த விதியெல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான். இவன் செத்தா அதுவும் கொஞ்ச நாளைக்கா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் தீரவில்லை.

பிறகு அந்த நாள். ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன், அங்கே நான் இன்னும் குழந்தைகளுக்கு ஊசி போடப் போகவேண்டும். அந்த ஊர்ப் பவுலீன் அக்காவின் கணவர் தொற்றில் இறந்திருந்தார். உடலை ஜிப் வைத்த உறையில் போட்டு, பெட்டியில் வைத்து மூடி, வீட்டுக்குக் கொண்டுபோகாமல் நேரே கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது அப்போதைய உத்தரவு. சாரும் நானும் உடன் போன வண்டியைத் தோட்டத்து வாசலிலேயே ஊர்க்காரர்கள் மறித்துவிட்டார்கள்.

முதல் கல்லில் கண்ணாடி நொறுங்கி என் தலைமுடியெல்லாம் சில்லு. டிரைவர் ஓடிவிட்டார். சார் இறங்கிப்போய் வண்டியின் பின்கதவை மறைத்து நின்றார். பவுலீன் அக்காவின் தம்பி லூர்து துடுப்பை ஓங்கி அவர் தோளில் இறக்கினார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. விழுந்தவரை யாரோ வயிற்றில் மிதித்தார்கள். எழுந்து, நல்ல கையால் கதவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர் அப்போது சொன்ன கெட்ட வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

அந்தக் கரையில் பெட்டியை மூடுமுன் சொந்தக்காரர்கள் பிணத்தின் காலை முத்தமிடுவார்கள். நாசரேத்துக்காரரான அவரும், முத்தையாபுரத்துக்காரியான நானும் வெளியூர்க்காரர்கள்; அதற்காகத்தான் இந்த அடிதடி என்று நினைத்தோம். பவுலீன் அக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது.

"கடல்ல கெடந்து அழுகி வந்தவனுக்குத்தான் எங்க ஊர்ல மூடுன பெட்டி. எம் புருசன் ஆஸ்பத்திரியிலதான செத்தாவ. மூடிக் கொண்டு வாரியன்னா, அவியள என்ன பண்ணுனிய?"

ஆஸ்பத்திரியில் உடலை அறுத்து ஏதோ எடுத்துவிட்டார்கள் என்று ஊரே நம்பியிருக்கிறது. கிழிந்த பாதுகாப்பு உடைக்கு மேல் புதியதை மாட்டிவிடச் சொன்னார் சார். அடிபட்ட பக்கத்துக் கை அந்த உடைக்குள் போகவில்லை. அதை நெஞ்சோடு சேர்த்துக் கட்டினேன். மணலில் ஒரு படகுக் கயிற்றைக் குறுக்கே போட்டார்.

"பெட்டியத் தொறந்து காட்டுதேன். கயித்தத் தாண்டி ஒருத்தன் கால் வச்சாலும் மூடிருவேன்" என்றார்.

கூட்டம் பின்வாங்கியது. வண்டியில் கூட வந்திருந்த ஆஸ்பத்திரி ஆட்கள் இருவர் பெட்டியைத் திறந்து தலைப்பக்கம் உயர்த்த, சார் உறையின் ஜிப்பை நெஞ்சுவரை இறக்கினார். எந்தக் காயமும் இல்லாமல் தூங்குகிற மாதிரி இருந்தது அந்த முகம். பவுலீன் அக்கா கயிற்றின் ஓரத்தில் மண்டியிட்டு, காலை ஒருமுறை முத்திக்கொள்கிறேன் என்றார். முடியாது என்றார் சார். அக்கா மறுபடி கெஞ்சவில்லை.

"அப்பம் நீங்களாவது தொடுங்க சார். யாருமே தொடாம அனுப்பிராதிய."

சார் ஜிப்பை மூடினார். கால்மாட்டுக்குப் போய்க் குனிந்து, உறைக்குள் இருந்த அந்தக் கால்களின்மேல் முகக்கவசம் மூடிய தம் முகத்தை வைத்தார். நிமிர வெகுநேரமானது. லூர்து துடுப்பைக் கீழே போட்டார்.

இதோடு சமாதானம் ஆனது என்று நினைக்கவேண்டாம். கட்டுப் போட்ட கையோடு காவல் நிலையத்துக்குப் போய் லூர்து மேல் புகார் எழுதிக் கொடுத்தார். லூர்து ஜெயிலுக்குப் போனார். கல்நெஞ்சு என்று நான் சார் கூடச் சண்டை போட்டேன்.

"அழுதவளுக்குப் பெட்டியத் தொறந்தேன். அடிச்சவன் மேல புகார் குடுத்தேன். ரெண்டும் வேற வேற" என்றார். அந்தக் கையை அவரால் பிறகு முழுசாகத் தூக்கவே முடிந்ததில்லை. கடைசிவரை அவர் மனைவிதான் தலை சீவிவிட்டார்.

அடக்கத்தன்று நாசரேத்தில் அவர் வீட்டு முன்னால் சாரைத் திறந்த பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். பவுலீன் அக்கா பஸ் ஏறி வந்திருந்தார். நேரே கால்மாட்டுக்குப் போய் இரண்டு பாதங்களையும் முத்தினார். அங்கே அப்படி வழக்கமில்லை. நாற்காலிகளில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லூர்து தெருவிலேயே நின்றிருந்தார். அக்கா திரும்பிப் பார்த்தார்.

"ஏலே, ஏன் அங்கனயே நிக்க? இன்னைக்குக் கயிறு கெடக்கலல்லா. வா."

லூர்து வந்தார். காலைத் தொடவில்லை. தாம் முறித்த அந்தத் தோளின்மேல் கையை வைத்துக்கொண்டு, பெட்டியை மூட ஆட்கள் வரும்வரை நின்றார்.

சார், உங்களைத் தொட்டுத்தான் அனுப்புகிறோம். போய் வாருங்கள்.