எட்மூண்டின் சிவப்புவாலி

காபி குடிக்கும் முன்பே எட்மூண்ட் கண்ணாடிப் பெட்டிக்குள் தண்ணீர் தெளித்துவிடுவார். ஈரம் குறைந்தால் உரிகிற தோல் பிய்ந்து பிய்ந்து வரும். பிறகு குனிந்து, "மகாராணி எழுந்தாச்சா?" என்பார். பதில் வராது. அதற்கும் தலையாட்டிக்கொள்வார்.

பெட்டிக்குள் இருப்பது எங்கள் சுரினாம் காட்டு மலைப்பாம்பு. வெளிறிய உடம்பில் வௌவால் சிறகு விரித்தாற்போல் திட்டுகள். வால் மட்டும் செங்கல் சிவப்பு. பாம்பு ஏற்றுமதி செய்பவன் ஒருவனின் கொட்டகையில் எட்மூண்ட் காவல் இருந்தபோது அங்கேயே பிறந்தது. பெட்டி மூடி விழுந்து வால் நுனி போனதால் வாங்க ஆளில்லை, இவர் தூக்கி வந்துவிட்டார். காட்டைக் கண்டதே இல்லை. செத்த எலியை இடுக்கியில் நீட்டினால்தான் தின்னும்.

எங்கள் ஜனத்துக்கு இந்தப் பாம்பு நிலத்தாயின் வாகனம். முற்றத்தில் கண்டால் மரியாதையாகப் பேசி வழியனுப்புவோம். அதை அடைத்து வைத்த வீட்டில் கை நனைக்க மாட்டோம், வாசற்படியும் மிதிக்க மாட்டோம். தெருவில் போகிறவர்கள் வெளியே நின்றே, "அண்ணி சாப்பிட்டாங்களா?" என்று சீண்டுவார்கள். அடுத்த வீட்டுக்காரியான நானும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பேசுகிறேன். என் தைரியம் அவ்வளவுதான்.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை வருவதுதான் எங்களுக்குப் பெரிய பிறந்தநாள். அன்று வந்தவர் யாரும் வெறும் வயிற்றோடு போகக் கூடாது. எட்மூண்டின் அறுபத்தைந்துக்கு ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. மனிதர் என்ன செய்தார்? விருந்தாளிக்குச் செய்யும் உபசாரத்தைப் பாம்புக்குச் செய்தார்: கொழுத்த எலி ஒன்று. இந்த இனத்துக்கு வயிறு மெல்லியது. மூன்று வாரத்துக்கு ஒரு சின்ன எலி போதும். அது அவருக்குத் தெரியாததும் அல்ல. மூன்றாம் நாள் கக்கிவிட்டது, தேற ஓராண்டு ஆயிற்று. "ஆசை மிஞ்சிப்போச்சும்மா" என்று வேலியோரம் நின்று அழுதார். அப்போதுகூட நான் உள்ளே போகவில்லை.

நேற்று அவருக்கு எழுபது. தங்கை லூசில் பெரிய தட்டு நிறையக் கோழியும் கிழங்கும் சேர்த்துச் சுட்ட 'பொம்' கொண்டுவந்து படலுக்கு வெளியே நின்றாள். அவள் வீட்டில் இருபது பேர் பேண்டுக்காரர்களோடு காத்திருக்கிறார்களாம்.

"அதை ஆத்தோரம் விட்டுரு அண்ணே. அரை மணியில எல்லாரும் இங்க இருப்போம். உன் வீட்டு நாற்காலியில நான் உக்காந்து எட்டு வருஷமாச்சு."

"விட்டா பட்டினியில செத்துடும், லூசில்."

"நீ மட்டும் இங்க என்னத்த வாழற?"

எட்மூண்ட் உள்ளே போனார். பெட்டி திறக்கும் சத்தத்துக்கு நானும் காது கொடுத்தேன். திறக்கட்டும் என்றே வேண்டிக்கொண்டேன், ஒளிப்பானேன்.

கத்தியோடு வந்தார். "சூடு ஆறுமுன்ன கொண்டு போ. அங்க இருபது பேர் இருக்காங்க" என்றார். அவள் கையிலிருந்த தட்டில் பொம்மின் ஓரத்தில் ஒரே ஒரு துண்டு வெட்டி உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு, மீதியைத் துணியால் மூடி, நான்கு முனையையும் பதமாகச் செருகிவிட்டார்.