அனைவரும் வருக

எங்கள் கல்லூரிக் கேன்டீன் வாசலில் மாட்டியிருக்கும் டிவி திரையின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு பச்சைக் கோடு உண்டு. மாட்டிய மறுவருஷமே விழுந்துவிட்ட கோடு. திரைக்கு எதிரே ஒரு சிமெண்டு பெஞ்சு. மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு ஒரு அம்மா அந்த பெஞ்சில் உட்கார்ந்து திரையை அண்ணாந்து பார்த்திருந்ததை நினைக்காமல் என்னால் அந்த வாசலைக் கடக்க முடிவதில்லை. அதில் வந்த ஒரு போஸ்டரை உதடு அசைய எழுத்துக்கூட்டி வாசிப்பார். கடைசி வரிக்குப் போகுமுன் படம் மாறிவிடும். வேலைவாய்ப்புப் பயிற்சி வரும், நடனப் போட்டி வரும், உணவுத் திருவிழா வரும். எல்லாம் வந்து போகும்வரை பொறுத்திருந்து, தனக்கு வேண்டிய போஸ்டர் திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து வாசிப்பார்.

நான் இந்தக் கல்லூரி அலுவலகத்தில் உதவியாளன். படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. முன்பு பசை வாளியைத் தூக்கிக்கொண்டு போய் நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்தேன். திரைகள் வந்த பிறகு, மாணவர்கள் அனுப்பும் போஸ்டர்களைக் கணினியில் வரிசைப்படுத்தி ஓடவிடுவது என் வேலை. நான்கு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவன் நான். யாரோடும் பேசாமலே கல்லூரி முழுவதற்கும் ஒரு செய்தியைச் சொல்லிவிடலாம் என்பது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

இனிச் செயலாளர் என்று நான் சொல்லப்போவது அந்த அம்மாவின் மகளை. சேவை மன்றத்துக்கு அந்த வருஷம் செயலாளராக இருந்த மூன்றாம் ஆண்டு மாணவி. காங்கேயம் பக்கம் ஊர். அப்பாவும் அம்மாவும் கொப்பரைக் களத்தில் வேலை செய்தார்கள். பள்ளியில் படித்துக்கொண்டிருந்த தம்பிக்கு இரத்தத்தில் நோய். மருந்து இனிக் கேட்காது, வேறொருவருடைய எலும்பு மஜ்ஜையிலிருந்து செல் எடுத்துச் செலுத்தினால்தான் உண்டு என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். வீட்டில் யாருடையதும் சேரவில்லை, இவளுடையதும் சேரவில்லை. சேருகிற ஆள் எங்கோ தூரத்தில் இருக்கலாம், பக்கத்து வகுப்பிலும் இருக்கலாம். அப்படிப்பட்ட கொடையாளர்களைப் பதிந்துகொள்ளும் ஓர் அமைப்பை அவள் கெஞ்சிக் கூத்தாடிக் கல்லூரிக்கு வரவழைத்தாள். ஊசிகூடக் கிடையாது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

போஸ்டரில் முதலில் தம்பியின் படத்தைப் போட்டிருந்தாள். நோயாளியின் படமும் பெயரும் திரையில் வரக்கூடாது என்று எங்கள் அலுவலக மேலாளர் திருப்பிவிட்டார். அது விதி, அவரைச் சொல்லிக் குற்றமில்லை. படத்தை எடுத்துவிட்டு ஒரு சிவப்புத் துளியை வரைந்து, எல்லாப் போஸ்டரிலும் இருக்கும் அதே வரியைக் கீழே போட்டுக் கொடுத்தாள்: அனைவரும் வருக. முதன்முதலில் அது திரையில் வந்தபோது போனை உயர்த்திப் பிடித்து ஆஸ்பத்திரியில் இருந்த தம்பிக்குக் காட்டினாள். போனுக்குள்ளிருந்து அவன் குரல் கேட்டது.

“என்ர பேரே இல்லியேக்கா?”

“பேரு போடக்கூடாதாமா சாமி.”

“அப்பறம் எனக்குன்னு அவிங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவள் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “எல்லாரும் பாப்பாங்கல்லங்ணா?”

“பாக்காம எங்க போவாங்க அம்மணி. அத்தனை திரையிலயும் ஓடுதே” என்றேன். நம்பித்தான் சொன்னேன்.

முகாம் நாளன்று அந்த அம்மா முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். அரங்கில் மேசை போட்டு, குச்சிகளை அடுக்கி வைத்துக்கொண்டு அமைப்புக்காரர்கள் காத்திருந்தார்கள். காலை முழுவதும் வந்தது சேவை மன்றத்துப் பிள்ளைகளும் ஓரிரு ஆசிரியர்களும்தான். செயலாளர் அரங்க வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். திரையில் ஏதாவது கோளாறோ என்று பார்க்க நான் கேன்டீன் பக்கம் போனேன். திரை ஒழுங்காகத்தான் ஓடியது. பெஞ்சில் இருந்த அம்மா என்னைக் கூப்பிட்டார்.

“ஏனுங்க தம்பி, இதையப் பாத்துட்டு வருவாங்கன்னா இருக்கறீங்க?”

“ஆமாங்க. எல்லாருக்கும் தெரியுமுங்க.”

“தெரியுமுங்க. எங்கூர்ல ஒரு கண்ணாலமுன்னா ஊருக்கே தெரியும். ஊடு தேடிப் போயி வாயால கூப்படாட்டி ஒருத்தரு வருவாங்களா?” திரையை நோக்கிக் கையை நீட்டினார். “அனைவருமுன்னு போட்டா அது யாரைங்க? யாரையுமே கூப்பிடலீங்களே.”

பத்திரிகையை வேறொருவர் கையில் கொடுத்தனுப்பியதற்காக, பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டே எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வராமல் இருந்தவர் என் சொந்தப் பெரியப்பா. அது தெரிந்தவன்தான் நானும்.

அம்மா எழுந்தார். மகளுக்கென்று கோயிலிலிருந்து கொண்டுவந்த குங்குமப் பொட்டலத்தைப் பையிலிருந்து எடுத்துப் பிரித்து, உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு கேன்டீனுக்குள் நுழைந்தார். மேசை மேசையாகப் போனார். “எம்பையனுக்காக வந்துருங்க கண்ணு, எம்பையனுக்காக வந்துருங்க” என்று ஒவ்வொரு முகத்தையும் பார்த்துச் சொன்னார். பரோட்டா தின்றுகொண்டிருந்த ஒருவன் சிரித்தான்.

“என்னங்க ஆன்ட்டி, உங்கூட்டுக் கல்யாணமா? சாப்பாடு உண்டுங்களா?”

“கண்ணாலமுன்னே வெச்சுக்க சாமி. பொறவு நானே ஆக்கிப் போடறேன். இப்ப எந்திரிச்சு வா.”

அவன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான். அவனோடு இருந்தவர்களும் எழுந்தார்கள். செய்தி கேட்டு ஓடிவந்த செயலாளர் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். “என்னம்மா பண்றே? எல்லாரும் சிரிக்கறாங்க.”

“சிரிக்கட்டும். சிரிச்சுட்டு வரட்டும்.”

அதன்பிறகு அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு கட்டடத்துக்குப் போனாள். நான் இன்னொன்றுக்குப் போனேன். ஒரு வகுப்பு வாசலில் நின்று, பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆசிரியரிடம் அனுமதி கேட்டுவிட்டு, “கூப்பிட வந்தேனுங்க” என்றேன். அதற்குமேல் நாக்கு எழவில்லை. வகுப்பே சிரித்தது. ஆனால் சிலர் எழுந்து வந்தார்கள். எங்கே என்று அவர்களுக்கு நடந்துகொண்டே சொன்னேன். சாயங்காலம் ஆகும்போது அரங்கத்துக்கு வெளியே வராந்தா வரைக்கும் வரிசை நின்றது. ஆனால் அமைப்புக்காரர்கள் ரயிலுக்குப் போக வேண்டும். முடிந்தவரை இருந்து பார்த்துவிட்டு, வரிசை நிற்கும்போதே பெட்டியை மூடினார்கள். அம்மா வேன் கதவைப் பிடித்துக்கொண்டார். “இன்னி ரெண்டே வகுப்புங்க. கூப்பிட்டுட்டேனுங்க, வந்துட்டு இருக்கறாங்க. செத்த இருங்க.” வேனில் இருந்த பெண் இறங்கி அவரைக் கட்டிக்கொண்டார், மறுபடி வருகிறோம் என்றார். அடுத்த முகாமைப் பரீட்சை முடிந்து வைத்துக்கொள்ளலாம் என்று கல்லூரியும் சொன்னது.

பதிந்தவர்களில் ஒருவருடையதும் சேரவில்லை. கல்லூரி மொத்தமும் வந்திருந்தாலும் சேர்ந்திருக்கும் என்று உறுதியில்லை என்று பிறகு பலபேர் எனக்கு விளக்கினார்கள். இருக்கலாம். அந்த அம்மாவுக்கு அதை யாரும் விளக்கத் துணியவில்லை. பரீட்சை வருமுன்பே பையன் போய்விட்டான்.

எங்கள் பக்கத்தில் சாவுக்கு யாரையும் அழைப்பதில்லை. காதில் விழுந்தால் கிளம்பிவிட வேண்டும். அன்று காலை எந்தத் திரையிலும் நான் எதையும் போடவில்லை, அனுமதியும் இல்லை. ஆனாலும் காங்கேயம் போகிற பஸ்ஸெல்லாம் எங்கள் பிள்ளைகள்தான். கொப்பரை காயப்போடும் களத்தை ஒதுக்கிச் சாமியானா போட்டிருந்தார்கள். நிழல் போதாமல் பிள்ளைகள் வெயிலில் நின்றார்கள். அம்மா தலையைத் தூக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். என்னைக் கண்டதும் கேட்டார்.

“இவிங்களையெல்லாம் யாருங்க கூப்பிட்டது?”

“யாரும் கூப்பிடலீங்க.”

“கூப்பிடாமயே வந்துட்டாங்களா?”

கேன்டீனில் சிரித்த பையன் எனக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். அவனை அடையாளம் கண்டுகொண்டு, “சாமி, நீ சாப்புட்டியா?” என்று கேட்டார். அவன் முகத்தை மூடிக்கொண்டு களத்துக்கு வெளியே போய்விட்டான்.

செயலாளர் படிப்பை முடித்துவிட்டு இப்போது திருப்பூரில் வேலையில் இருப்பதாகக் கேள்வி. கல்லூரிப் பக்கம் வந்ததில்லை. நான் இன்னும் போஸ்டர்களை வரிசைப்படுத்துகிறேன். எல்லாரும் பார்ப்பார்களா என்று யாராவது கேட்டால் பார்ப்பார்கள் என்கிறேன், வருவார்கள் என்று சொல்வதில்லை. மத்தியானத்தில் கேன்டீன் காலியாக இருக்கும்போது அந்த பெஞ்சில் போய் உட்காருகிறேன். பச்சைக் கோட்டுக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு விழாவின் அழைப்பு வருகிறது. அந்த அம்மாவைப் போல, உதடு அசைய, ஒவ்வொரு எழுத்தாக வாசித்துப் பார்க்கிறேன். கடைசி வரிக்குப் போகுமுன் படம் மாறிவிடுகிறது.