பத்தியப் பாண்

சின்னம்மாவுக்குத் தோலில் வந்த அரிப்புக் கடிக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் மருந்து பூசிக்கொண்டோம். அது சொறி, தொற்றும் என்று பார்க்டேலில் இருந்த டொக்டர் சொல்லியிருந்தார். அப்பா, அம்மா, நான், அம்மாவின் தங்கையான சின்னம்மா என்று நான்கு பேரும் கழுத்திலிருந்து கால்வரை வெள்ளை மருந்தோடு அந்தச் சின்ன அபார்ட்மென்டுக்குள் நடமாடினோம். கனடாவுக்கு வந்தபிறகு எங்கள் குடும்பம் ஒற்றுமையாகச் செய்த முதல் காரியம் இதுதான் என்றார் அப்பா. எங்களுக்கு ஒன்றும் வரவில்லை. சின்னம்மாவுக்கு ஒன்றும் போகவுமில்லை.

நீர் கோத்த சின்னச் சின்னக் கொப்புளங்கள். முழங்கைகளில், முழங்கால்களில், இடுப்புக்குக் கீழே. இடப்பக்கம் எங்கே வந்ததோ வலப்பக்கமும் அங்கேயே வந்தது. "தையல்காரன் அளவெடுத்த மாதிரியெல்லோ வந்திருக்கு" என்பார் அம்மா. சின்னம்மாவும் சிரிப்பார். சிரித்தபடியே சொறிவார். கொப்புளம் உடைந்து இரத்தம் கசியும்.

மருந்து கைவிட்டதும் அம்மா ஊர் முறைக்குத் திரும்பினார். தோலில் கடியைக் கிளப்பும் சாப்பாட்டை எங்கள் ஆட்கள் கிரந்தி என்பார்கள். கத்தரிக்காய், இறால், நண்டு, தக்காளி எல்லாம் சின்னம்மாவின் தட்டிலிருந்து மறைந்தன. அவற்றின் இடத்துக்குப் பேக்கரி ரொட்டியான பாண் வந்தது. நோயாளி என்றால் பாண்தானே. ஊரில் ஆஸ்பத்திரிக்கு ஆளைப் பார்க்கப் போகிறவர்கள்கூட பாணும் கையுமாகத்தான் போவார்கள். காலையில் பாலில் தோய்த்த பாண், மத்தியானம் கோதுமைமாப் புட்டு, பின்னேரம் தேத்தண்ணியோடு ரஸ்க். வேலைக்குப் போய்க் களைத்து வந்தும் அம்மா அந்தப் பத்தியத்தில் ஒருநாளும் பிழை விடவில்லை.

அந்த நேரம் சின்னம்மாவுக்கு ஒரு கல்யாணம் பேசி வந்தது. மோர்னிங்சைட்டில் இருந்த ஒருவர். அவருக்குச் சின்னம்மாவின் படம் பிடித்துவிட்டது. தாயும் தமக்கையும் நேரில் வந்து பார்த்தால் முடிந்தது. அவருடைய படத்தைச் சின்னம்மா தலையணைக்குக் கீழே வைத்திருந்தார். நாங்கள் இருவரும் ஒரே மெத்தையில் படுப்பதால் அது எனக்கு மட்டும் தெரியும்.

நல்லபடியாக முடியவேண்டும் என்று சின்னம்மா கந்தசஷ்டி விரதம் பிடித்தார். பாலும் பழமும் மட்டும். விரதம் முடிகிற அன்று கோயிலால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

"அக்கா, வயிறு எவ்வளவு லேசாக் கிடக்கு தெரியுமே. ஊதலே இல்லை."

"முருகன் கண் திறந்திட்டார். இனிப் பத்தியத்தை விட்டிடாதை" என்றார் அம்மா. மறுநாள் பாண் வாங்க என்னைக் கீழே கடைக்கு அனுப்பினார்.

மாப்பிள்ளையின் தாயும் தமக்கையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். சின்னம்மா முழுக்கைச் சட்டை தைப்பித்துச் சேலை உடுத்தியிருந்தார். இளநீல நிறம். அம்மா மாவில் சுற்றிப் பொரித்த ரோல்ஸை அந்தத் தாய்க்குப் பிடித்துவிட்டது. "பிள்ளை, நீரும் எங்களோட இருந்து சாப்பிடும்" என்று சின்னம்மாவைப் பக்கத்தில் இருத்தித் தன் கையாலேயே ஒன்றை எடுத்துக் கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். சின்னம்மா சாப்பிட்டார். பேசிக்கொண்டிருக்கும்போது அவருடைய கை தன்பாட்டில் மற்ற முழங்கைக்குப் போனது. பிறகு மாறிப் போனது. இளநீலச் சட்டையில் இரண்டு முழங்கைகளிலும் சிவப்பு ஊறியது. தமக்கை தேத்தண்ணிக் கப்பைப் பாதியில் மேசையில் வைத்தார்.

வாசலில் மிகவும் அன்பாக விடைபெற்றார்கள். அவர்கள் மறந்துபோன குடையைக் கொடுக்க நான் பின்னால் ஓடினேன். எலிவேற்றருக்கு முன்னால் நின்று தாய் சொல்லிக்கொண்டிருந்தார்: "பிள்ளை நல்ல வடிவு. ஆனா உது தொத்துற வருத்தம் போலக் கிடக்கு. எங்களுக்கேன் வில்லங்கம்."

போன மாதம் என் மகளின் தோலில் ஒரு சிறு துண்டை எடுத்துச் சோதித்தார்கள். பன்னிரண்டு வயது. இரண்டு முழங்கைகளிலும் அளவெடுத்த மாதிரி. சீலியாக் என்றார் தோல் டொக்டர். அது குடலில் வருகிற நோய் என்றுதான் நான் கேள்விப்பட்டிருந்தேன், முழங்கைக்கும் குடலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டேன். கோதுமையில் இருக்கும் ஒரு புரதத்தைச் சிலருடைய உடம்பு எதிரியாக எடுத்துக்கொள்ளும், அதை எதிர்க்கப் போய்த் தன் குடலையே தாக்கும், அதே தாக்குதல் சிலருக்குத் தோலிலும் வெடிக்கும் என்றார். வயிற்றில் ஒன்றும் தெரியாமலே குடல் கெட்டுக்கொண்டிருக்கலாம். தொற்றாது. பரம்பரையில் வரும். கோதுமையை முழுதாக விட்டாலும் தோல் ஆற மாதங்கள் ஆகும், சிலருக்கு வருடங்கள்.

குடும்பத்தில் வேறு யாருக்கும் இருந்ததா என்று கேட்டார். சின்னம்மாவைச் சொன்னேன். அதற்குப் பிறகு பேசிய கல்யாணம் எதுவும் சரிவராததையும், நாற்பது தாண்டியதும் குடலில் புற்றுநோய் வந்து இறந்ததையும் சொன்னேன். அதுவும் இதனால்தானா என்று கேட்டேன். இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது, இருந்திருக்கலாம் என்றார். பிறகு என்னையும் இரத்தம் சோதிக்கச் சொன்னார்.

சமையலறையில் இருந்த கோதுமைமா, ரஸ்க், நூடில்ஸ் எல்லாவற்றையும் கட்டி எறிந்துவிட்டேன். மகள் இந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டையோடு பள்ளிக்கூடம் போகிறாள். "தொத்தாதெண்டு சொன்னாலும் ஒருத்தரும் பிலீவ் பண்ணுறேல்லை, அம்மா" என்கிறாள். கனடாவில் பிறந்த என் தம்பியோடு அஜக்ஸில் இருக்கும் அம்மா போனில் கேட்கிறார்: "பிள்ளைக்கு மேல் கடிக்குதாமே? கண்டதையும் குடாதை. பாணைக் குடு." ஓம் என்று சொல்லி வைத்துவிடுகிறேன். எண்பது வயதானவருக்கு இதை எந்த வாயால் சொல்வது?

அந்த ஞாயிற்றுக்கிழமை, வந்தவர்கள் போனபிறகு, சின்னம்மா சேலை மாற்றாமல் மெத்தையில் இருந்தார். அம்மா பாணின் ஓரங்களை வெட்டி, சுடுபாலில் தோய்த்து, சீனி தூவிக் கொண்டுவந்தார். சின்னம்மா முகத்தைத் திருப்பினார்.

"வேண்டாமக்கா. உந்தப் பாணைத் திண்டாத்தான் எனக்குக் கடி கூடுது."

"பாண் கிரந்தியெண்டு உலகத்தில ஆரும் சொல்லியிருக்கினமே? வாயைத் திற."

வாசலில் நின்ற அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. அம்மா அழுதுகொண்டே ஊட்டினார். சின்னம்மாவும் அழுதுகொண்டே ஒவ்வொரு துண்டாக வாங்கி, கிண்ணம் காலியாகும்வரை தின்றார். வெட்டிவைத்த ஓரங்களை நான் தின்றபடி பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர்களும் சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடிப்பார்கள் என அன்றுதான் எனக்குத் தெரிந்தது.