மருதாணிக்கு உப்பு போட்டவர்

நோன்புப் பெருநாள் முடிந்த சில நாளில், எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மருதாணிச் செடி மயக்கம் போட்டுவிட்டது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. விடிகாலை பஜ்ர் தொழுதுவிட்டுத் தண்ணீர் ஊற்றப் போனேன். இலையெல்லாம் தலையைத் தொங்கப் போட்டிருந்தன. ஓரமெல்லாம் கருகல்... வீட்டுக்காரரைக் கத்திக் கூப்பிட்டேன்.

ஒரு செடிக்கா இவ்வளவு பதற்றம் என்பீர்கள். மகள் ரிஸ்வானாவுக்கு நிக்காஹ் நெருங்கிக்கொண்டிருந்தது. கடையில் விற்கிற மருதாணிக் கோன் அவளுக்கு ஆகாது. ஒரு தடவை வைத்துப் பார்த்து, உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். கல்யாணப் பெண் வெறுங்கையோடு உட்கார்வதா? அதற்காகவே தொட்டியில் வளர்த்த செடி அது.

முந்தின வாரம்தான் என் வீட்டுக்காரர் அதைப் பெரிய சாக்குக்கு மாற்றியிருந்தார். அவருக்கு ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் வேலை. சாக்கும் அங்கிருந்து வந்ததுதான் – பச்சைத் தோலுக்குப் போடுகிற உப்பு மூட்டை!

"சாக்கை உதறாமயா மண்ணு போட்டீங்க?"

"உதறுவனா? ஒட்டியிருந்த உப்பைச் சுரண்டி மண்ணோட கலந்தே விட்டேன்" என்றார் பெருமையாக. "தோலையே அழுக விடாத உப்பு. செடியில பூச்சி ஏறுமா, சொல்லு?"

தோலிலேயே காலம் தள்ளிய மனிதர். அவருக்கு உலகத்தில் எல்லாமே தோல்தான்!

கல்லூரியில் தாவரவியல் படித்த ரிஸ்வானா ஓடி வந்து தண்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"அத்தா, உப்பு இதோட தண்ணியை வெளிய இழுத்துடுச்சு. ஆனா உசுரு இருக்கு. செல் சுவர் தாங்கிட்டிருக்கு."

"செல் சுவரா? அது வேலூர் ஜெயில்ல இல்ல இருக்குது?"

"பேஜார் பண்ணாதீங்கத்தா! செல்லுன்னா கண்ணுக்குத் தெரியாத குட்டி ரூம். செடியில ஒவ்வொரு ரூமுக்கும் ஒரு சுவர். உள்ள தண்ணி நிறைஞ்சு சுவரை அழுத்துறதாலதான் இலை விறைப்பா நிக்குது. தண்ணி போனா தொங்கிடும். சுவர் அப்படியே இருக்கறதால, தண்ணி வந்தா திரும்ப நிமிரும்."

"சுத்தி சுவர் இருந்தா எப்படிடி வளரும்?" என்றேன் நான்.

"வளர்ற நேரத்துல சுவர் கொஞ்சம் இளகிக் கொடுக்கும்மா. வளர்ந்ததும் இறுகிக்கும். கஷ்டம் வந்தா அதுக்கேத்த மாதிரி தன்னை மாத்திக்கும்."

சுபஹானல்லாஹ்! எட்டாவதோடு நின்றவள் நான். ஒரு இலைக்குள்ளே இவ்வளவு கட்டட வேலையா? மேஸ்திரி இல்லை, சிமெண்ட் இல்லை... நாம் கட்டுகிற சுவர் இளகினால் இடிகிறது, இறுகினால் பக்கத்து வீட்டோடு சண்டை!

சாக்கைக் கிழித்தோம். வேரை நல்ல தண்ணீரில் அலசி, புது மண்ணில் நட்டு, நிழலில் வைத்தோம். தொழுகைக்குத் தொழுகை என் துஆவில் அந்தச் செடியும் இருந்தது. அவரோ வேலை விட்டு வந்ததும் நேரே மாடிக்குத்தான் போவார். "இன்னாம்மா, எழுந்துட்டியா?" – செடியிடம்தான் விசாரிப்பு.

ஒரு சாயங்காலம் மேலிருந்து கத்தினார்: "இந்தா, ஓடி வா! கொழுந்து விட்டுடுச்சு!"

அல்ஹம்துலில்லாஹ். போன ஞாயிற்றுக்கிழமை நிக்காஹில் ரிஸ்வானாவின் கை அப்படிச் சிவந்திருந்தது.

அன்று முழுக்கச் சுவர் மாதிரி விறைப்பாக நின்ற அவள் அத்தா, விடைகொடுக்க அந்தக் கையைப் பிடித்ததும் இளகிவிட்டார். வீட்டுக்கு வந்தும் விம்மல் நிற்கவில்லை. மாடிக்குப் போய் மருதாணிப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே அழுகை.

கொஞ்சம் தள்ளி உட்காருங்க என்றேன் – கண்ணீரும் உப்புத்தானே!